முன்பணம் என்னும் விலங்கு
செங்கற் சூளைகளில் கொத்தடிமை முறையும் கூட்டுறவாளர் கடமையும்

சென்னை மாநகருக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்கள் இரண்டு தலைமுறைக் காலத்திற்குள் அடையாளம் தெரியாத அளவிற்கு வளர்ந்துவிட்டன. 1961-ஆம் ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. தொழில் வந்த இடத்திற்குத் தொழிலாளர் வந்தனர். தொழிலாளர் வந்த இடத்தில் வீடுகள் வந்தன. ஏரியும் கழனியும் தோப்புமாய் இருந்த நிலம் இன்று அடுக்குமாடிக் கட்டடங்களாலும் கிடங்குகளாலும் நிரம்பி நிற்கிறது. இக்கட்டடங்களுக்கு வேண்டிய செங்கல்லின் பெரும்பகுதி தொலைவிலிருந்து வருவதன்று. செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் ஆகிய ஊர்களைச் சுற்றிலுமுள்ள சூளைகளிலிருந்தே லாரி லாரியாக வந்து இறங்குகிறது.

செங்கல் வாங்குவோர் அதன் தரத்தை நன்றாகவே சோதிக்கின்றனர். இரண்டு கல்லைத் தட்டி ஓசை பார்க்கின்றனர்; நீரில் ஊறப் போட்டு எடை பார்க்கின்றனர்; முனை உடைந்த கல்லைத் தனியே ஒதுக்குகின்றனர். ஆனால் அந்தக் கல்லை அறுத்தவர் யார், அவருக்குக் கூலி கிடைத்ததா, அவர் விரும்பினால் அந்தக் களத்தை விட்டுப் போக முடியுமா என்று கேட்பவர் மிகச் சிலரே. கூட்டுறவாளராகிய நாம் அக்கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் என்பதையும், அதற்குரிய கருவி நம் கையிலேயே இருக்கிறது என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூளையில் வேலை நடக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறக்கும் தறுவாயில் சூளைகளில் வேலை தொடங்கும். ஆனி, ஆடி வரையில் அது நீடிக்கும். மண்ணை வெட்டிக் குவித்து, நீர் விட்டு ஊறவைத்து, மிதித்துப் பதப்படுத்துவது முதல் வேலை. பதமான சேற்றை அச்சில் அடித்துக் களத்தில் வரிசையாகக் கவிழ்ப்பதைக் கல் அறுப்பு என்பர். பச்சைக்கல் ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பி வைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பின் அடுக்க வேண்டும். பின்னர்ச் சூளையில் ஏற்றி வேகவைக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சேறு இறுகிவிடும் என்பதால் அறுப்புக்காரர் நள்ளிரவிலோ விடியலுக்கு முன்னரோ எழுந்து வேலை தொடங்குவது வழக்கம்.

கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படும். ஆளுக்குக் கூலி என்பது இல்லை, குடும்பத்திற்கே கூலி. கணவன் சேறு பிசைவான்; மனைவி அச்சடிப்பாள்; பிள்ளைகள் கல்லைத் திருப்புவார்கள். கணக்கேட்டில் கணவன் பெயர் மட்டுமே இருக்கும். மனைவியின் உழைப்புக்குத் தனிக் கணக்கு கிடையாது. பிள்ளையின் உழைப்போ வேலை என்றே எண்ணப்படுவதில்லை. எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும் ஆதலின், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோருக்கே துணிவு வருவதில்லை.

இச்சூளைகளில் உழைப்போர் இரு வகையினர். ஒரு வகையினர் நம் மாவட்டங்களைச் சேர்ந்த இருளர் முதலான எளிய குடும்பத்தினர். மற்றொரு வகையினர் ஒடிசா மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களாகிய பலாங்கீர், நுவாபடா, களாஹாண்டி போன்ற வறட்சிப் பகுதிகளிலிருந்து வருவோர். அவ்வட்டாரத்தில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் வழக்கத்திற்குத் 'தாதன்' என்று பெயர். அறுவடைத் திருநாளாகிய நுவாக்காய் முடிந்த பின், கையில் காசு வற்றியிருக்கும் காலத்தில், தரகர்கள் ஊருக்குள் வந்து பணம் கொடுப்பர். அப்பணம் திருமணக் கடனுக்கோ மருத்துவச் செலவிற்கோ அன்றே செலவாகிவிடும். அதற்கு ஈடாக, மொழி தெரியாத ஊரில் ஆறு மாத உழைப்பு முன்கூட்டியே விற்கப்பட்டுவிடுகிறது.

முன்பணத்தின் கணக்கு

முன்பணம் வாங்குவதே குற்றமா என்று சிலர் கேட்கலாம். இல்லை. எந்தத் தொழிலிலும் முன்பணம் உண்டு. அது எப்போது விலங்காக மாறுகிறது என்பதையே நாம் ஆராய வேண்டும். கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு தம்பதியர் 40,000 ரூபாய் முன்பணம் பெற்று வருகின்றனர் என்று கொள்வோம். ஆயிரம் கல்லுக்குக் கூலி 600 ரூபாய் என்றும், நாளொன்றுக்கு ஆயிரம் கல் அறுக்கின்றனர் என்றும், வாரத்தில் ஆறு நாள் வேலை என்றும் வைத்துக்கொள்வோம். வாரக் கூலி 3,600 ரூபாய் ஆகிறது. இதில் 1,000 ரூபாய் மட்டும் சாப்பாட்டுச் செலவிற்குக் கையில் தரப்படுகிறது. எஞ்சிய 2,600 ரூபாய் முன்பணத்தில் கழிக்கப்படுகிறது. கணக்கு நேர்மையாக இருந்தால் பதினாறாவது வாரத்திலேயே கடன் முழுவதும் தீர்ந்துவிடும். இருபத்து நான்கு வாரம் கொண்ட பருவத்தின் முடிவில் அவர்கள் 22,400 ரூபாயைக் கையில் கொண்டு ஊர் திரும்ப வேண்டும்.

நடப்பது என்ன? கணக்கேடு சூளைக்காரர் கையில் மட்டுமே இருக்கிறது. ரயில் கட்டணம் முன்பணத்தோடு சேர்க்கப்படுகிறது. தரகரின் பங்கு கூலியிலிருந்து பிடிக்கப்படுகிறது. கோடை மழையில் கரைந்த பச்சைக்கல் எண்ணிக்கையிலிருந்து கழிக்கப்படுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மருத்துவம் பார்த்தால் அதுவும் புதுக் கடனாகிறது. பருவ முடிவில், இன்னும் பாக்கி இருக்கிறது, அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்ற தீர்ப்பு மட்டும் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவன் எதைக் கொண்டு மறுப்பான்? நடுவில் போக விரும்பினால், கடனைக் கட்டிவிட்டுப் போ என்பது விடை. ஊரில் சாவு நேர்ந்தாலும் குடும்பம் முழுவதையும் அனுப்பாமல் ஒருவரைப் பிணையாக நிறுத்திக்கொள்வதும் உண்டு.

முன்பணம் விலங்காகும் இடம் இதுவே. கடன் தீரும் நாள் கடனாளிக்குத் தெரியாமற் போவதும், தீரும்வரை அவன் வேறிடம் செல்லக் கூடாது என்பதும் சேர்ந்த அன்றே உழைப்பாளி கொத்தடிமையாகிறான். சவுக்கும் சங்கிலியும் அதற்கு வேண்டியதில்லை. ஒரு சிறு கணக்கு நோட்டே போதும்.

நம் முன்னோர் அறிந்த துண்டு

இவ்வநீதி ஒடிசாக்காரருக்கோ இருளருக்கோ மட்டும் உரியது என்று நாம் எண்ணலாகாது. நம் முன்னோரும் இதே விலங்கைப் பூண்டவர்களே. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்தே திரட்டினர். தோட்டம் சேரும் முன்னரே ஒவ்வொரு தொழிலாளியும் கடனாளியாக இருந்தான். வேறு தோட்டத்திற்குச் செல்ல வேண்டுமானால், இவ்வளவு தொகை கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று எழுதிய ஒரு சீட்டு வேண்டும். அச்சீட்டிற்குத் 'துண்டு' என்பதே பெயர். ஆங்கிலத் துரைமாரும் அத்தமிழ்ச் சொல்லையே கையாண்டனர். கடனோடு ஆளும் கைமாறினான். 1921-இல் இயற்றப்பட்ட சட்டத்தினால்தான் இலங்கையில் துண்டு முறை ஒழிந்தது.

தாயகத்தில் உழவர் வாழ்விலும் இது இருந்தது. தஞ்சையில் பண்ணையாள் முறையைக் கட்டுப்படுத்த 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேண்டியிருந்தது. நெசவாளர் வாழ்வில் இருந்ததை இவ்விதழின் அங்கத்தினர் பலருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தறியும் பாவும் கொடுத்த பெரிய முதலாளியிடம் வாங்கிய கடன் தீராமல், கூலி அதிகம் கிடைக்கும் வேறு இடத்திற்குப் போக இயலாமல் நின்ற குடும்பங்களின் கதையை ஒவ்வொரு நெசவு ஊரும் அறியும். அக்கட்டை அறுத்தது எது? நூலைக் கடனாகக் கொடுத்து, நெய்த சேலைக்குக் கூலியைப் பதிவேட்டில் எழுதி, நெசவாளர் கையிலும் ஒரு புத்தகத்தைக் கொடுத்த கூட்டுறவுச் சங்கமே அறுத்தது.

சட்டம் சொல்வது

நம் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஆள் கடத்தலையும் வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்துள்ளது. ஆயினும் தனிச் சட்டம் 1976-ஆம் ஆண்டிலேதான் வந்தது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் எனப்படும் அது, 1975 அக்டோபர் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அச்சட்டத்தின் சாரம் எளியது. கொத்தடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன் கீழ் உள்ள கடன் முழுவதும் அற்றுப்போனது. அதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை தொழிலாளிக்கு இல்லை. அக்கடனைப் பின்னும் வசூலிப்பவருக்குத் தண்டனை உண்டு. கொத்தடிமைக் கடன் அன்று என்று ஒருவர் வாதாடினால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரையே சாரும். கொத்தடிமையாக வைத்து வேலை வாங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

பின்னர் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளால் இச்சட்டத்திற்கு வலுவூட்டியது. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தில்லியில் எழுந்த கட்டடங்களின் தொழிலாளர் பற்றிய வழக்கில், சட்டம் குறித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பாகும் என்று தீர்ப்பளித்தது. வறுமையின் நெருக்கடியும் ஒரு கட்டாயமே என்பது அதன் உட்பொருள். 1983 டிசம்பரில், அரியானா மாநிலம் பரீதாபாத் பகுதியின் கல் குவாரித் தொழிலாளர் வழக்கில், ஒருவரிடம் கட்டாய உழைப்பு வாங்கப்படுவதாகக் காட்டப்பட்டால், அது முன்பணத்திற்கு ஈடாகவே வாங்கப்படுகிறது என்று அனுமானிக்க வேண்டும் என்றது. செங்கல்லுக்கும் ஜல்லிக்கும் இத்தீர்ப்புகள் ஒருங்கே பொருந்தும்.

வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒடிசாவின் தாதன் தொழிலாளர் பட்ட துன்பமே அதற்குத் தூண்டுகோல். அது இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் எந்தத் தொகுப்பிலும் கரையாமல் தனியே நிற்கிறது என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க.

திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்தவை

சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறை என்ன? 2011-ஆம் ஆண்டில் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து மட்டும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர் விடுவிக்கப்பட்டனர். பின்வந்த ஆண்டுகளிலும் அம்மாவட்டத்தில் இத்தகைய மீட்புகள் நிகழ்ந்தன.

2020-ஆம் ஆண்டு நிகழ்ச்சி தனித்துக் குறிப்பிடத்தக்கது. கொரோனா ஊரடங்கின்போது வேலை பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. ஒடிசாத் தொழிலாளர் ஊர் திரும்ப விரும்பினர். மே மாதத்தில், புதுக்குப்பம் பகுதியில் உள்ள ஒரு சூளையில் ஊர் செல்லக் கேட்டவர்கள் இரவில் தாக்கப்பட்டுக் காயமுற்றனர். அங்கிருந்த இளம்பெண் ஒருத்தி, முன்பணத்திற்காகத் தந்தையோடு வந்து கல் அறுத்தவள், காயங்களைப் படம் எடுத்துக் கைபேசி வழியே தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினாள். செய்தி தொண்டு நிறுவனங்களை எட்டியது. அதிகாரிகளும் காவலரும் வந்தனர். அடுத்த சில நாட்களில் மாவட்டத்துச் சூளைகள் பலவற்றிலிருந்து ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர் என்று பத்திரிகைகள் எழுதின.

இந்நிகழ்ச்சி நமக்கு இரண்டு உண்மைகளைத் தெரிவிக்கிறது. ஒரு கைபேசிச் செய்தி செய்த வேலையை, அத்தனை சூளைகளிலிருந்தும் அத்தனை ஆண்டுகளாகக் கல் வாங்கிய எவரும் செய்யவில்லை என்பது ஒன்று. ஊர் செல்ல வேண்டும் என்ற எளிய விருப்பமே அடிதடிக்குக் காரணமாகும் இடத்தில், அங்கே வேலை செய்வோர் சுதந்திரமானவர்கள் என்று சொல்ல இயலாது என்பது மற்றொன்று.

ஆவடியில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்ம முறையிலான சமுதாயத்தை அமைப்பதே இலட்சியம் என்று தீர்மானித்தது. அதே ஆவடியில் இன்று எழும் சுவர்களின் செங்கல் எத்தகைய களத்திலிருந்து வருகிறது என்று கேட்பது அத்தீர்மானத்திற்கு நாம் செலுத்தும் குறைந்தபட்ச மரியாதையாகும்.

ஒப்பந்தச் சங்கிலி

கட்டடத் தொழிலில் பொறுப்பு எவ்வாறு கரைந்து போகிறது என்பதையும் பார்ப்போம். கட்டடத்தின் உரிமையாளர் ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைக்கிறார். அவர் கொத்து வேலை, கம்பி வேலை, பூச்சு வேலை என்று பிரித்து உள்ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கிறார். ஆள் சேர்ப்பது மேஸ்திரி. செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் ஆகியவற்றை வியாபாரி தருகிறார். அவர் எந்தச் சூளையில், எந்தக் குவாரியில் வாங்கினார் என்பது பில்லில் இல்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருப்பவர், அடுத்த கண்ணி எனக்குத் தெரியாது என்கிறார்.

2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். ஆந்திரம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் அதில் பலர். இடிபாட்டின் அடியில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதே தொடக்கத்தில் திட்டமாகத் தெரியவில்லை. அது கொத்தடிமை வழக்கன்று. எனினும், சங்கிலியின் கடைசியில் நிற்கும் மனிதனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு அது ஒரு கொடிய சான்று. பெயர் இல்லாதவனுக்குக் கூலிக் கணக்கும் இல்லை, காப்பீடும் இல்லை, தேடுவாரும் இல்லை.

இக்குறையை உணர்ந்தே பிற நாடுகள் வாங்குவோர் மீதும் பொறுப்பைச் சுமத்தத் தொடங்கியுள்ளன. பிரிட்டனில் 2015-இல் இயற்றிய நவீன அடிமைமுறைச் சட்டம், ஆண்டு விற்பனை 3 கோடியே 60 லட்சம் பவுனும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், தம் கொள்முதல் வழியில் அடிமை உழைப்பு இல்லாதிருக்கச் செய்தது என்ன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவும் 2018-இல் இத்தகைய சட்டம் செய்தது. நம் நாட்டில் பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் தொழிலாளர் உரிமை உள்ளிட்ட பொறுப்பறிக்கை தர வேண்டும் என்று செபி விதித்துள்ளது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-இல் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தனர். ஆனால் அறிக்கை எழுதும் பெரிய நிறுவனத்திற்கும் களத்தில் கல் திருப்பும் பிள்ளைக்கும் இடையே நான்கைந்து கைகள் இருக்கின்றன. சூளைக்கு அருகிலேயே வாழும் சிறு சங்கத்தின் கண்ணுக்குத் தெரிவது, தொலைவிலுள்ள அலுவலகத்தின் கண்ணுக்குத் தெரியாது.

விடுதலைக்குப் பின்

மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் அல்லது மாவட்ட ஆட்சியர் விடுதலைச் சான்றிதழ் வழங்குகிறார். அதுவே கடன் ஒழிந்ததற்குச் சாட்சி. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் 1978-இல் தொடங்கியபோது உதவித் தொகை 4,000 ரூபாய். 2016-இல் அது திருத்தப்பட்டு, ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறுவருக்கும் இரண்டு லட்சம், கொடிய சுரண்டலுக்கு ஆளானோருக்கு மூன்று லட்சம் என்று உயர்ந்தது. உடனடி உதவி முதலில் 20,000 ரூபாயாக இருந்து, பின்னர் 30,000 ஆயிற்று. முழுத் தொகை வழக்கின் முடிவோடு இணைக்கப்பட்டிருந்தமையால் பலருக்கு அது கைக்கு வர நெடுநாளாயிற்று. இடைக்காலத்தில் அடுப்பெரிய வேண்டுமே! வேறு வழி காணாதோர் மீண்டும் முன்பணத்தைத் தேடிப் போவதில் வியப்பில்லை.

ஆதலின் மீட்பு பாதி வேலையே. மறு பாதி, மழைக்காலத்தில் அவர்கள் கடனுக்கு யாரிடம் போவார்கள் என்ற கேள்விக்கு விடை காண்பது. இங்கேதான் சட்டமே நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் கோட்டந்தோறும் விழிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. அக்குழுவின் கடமைகளுள் ஒன்று, விடுவிக்கப்பட்டோருக்குப் போதிய கடன் கிடைக்குமாறு கிராம வங்கிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் ஒருங்கிணைப்பதாகும். குழுவில் கடன் நிறுவனங்களின் சார்பில் ஒருவர் இடம்பெறவும் சட்டத்தில் வழி உண்டு. இவ்விதியை நம் சங்கங்களில் எத்தனை அறியும்?

திருவள்ளூர் மாவட்டத்திலேயே நல்ல முன்மாதிரி ஒன்று எழுந்துள்ளது. 2022-இல், மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு, கொத்தடிமையிலிருந்து மீண்ட இருளர் குடும்பங்கள் மெய்யூரில் 'சிறகு' என்னும் பெயரில் தாங்களே செங்கற் சூளை நடத்தத் தொடங்கினர். யார் கடனுக்காகக் கல் அறுத்தார்களோ அவர்களே உரிமையாளராயினர். கையில் இருந்த தொழில் ஒன்றேதான், கணக்கேடு கைமாறியது, அதனால் வாழ்வு மாறியது.

இதனினும் பெரிய சான்று அண்டை மாநிலமாகிய கேரளத்தில் உள்ளது. வடகரையை அடுத்த ஊராளுங்கலில், சமூகச் சீர்திருத்தக்காரர் வாக்படானந்தரின் தூண்டுதலால், 1925-இல் பதினான்கு பேர் கூடித் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினர். வேலை கொடுக்க எவரும் முன்வராத காலத்தில் சிறு பணிகளோடு தொடங்கிய அச்சங்கம், இன்று சாலைகளும் பாலங்களும் பெருங்கட்டடங்களும் கட்டுகிறது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகிறது. நூறாண்டு கடந்து நிற்கிறது. கட்டடத் தொழிலில் தரகரும் முன்பணமும் இன்றி நடக்க முடியாது என்போருக்கு அச்சங்கமே விடை.

நாம் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் கருதி, நம் சங்கங்கள் பின்வரும் ஐந்து காரியங்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, சங்கம் கிடங்கோ அலுவலகமோ கட்டும்போது, செங்கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது என்பதை ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதக் கோர வேண்டும். நிர்வாகக் குழுவைச் சேர்ந்த இருவர் பகற்பொழுதில் அச்சூளைக்குச் சென்று பார்த்து வரலாம். கேட்க வேண்டியவை சிலவே: கூலி வாரந்தோறும் தரப்படுகிறதா? கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே அவரவர் கணக்கில் சேர்கிறதா? கணக்கின் நகல் தொழிலாளி கையில் உள்ளதா? ஆதார், குடும்ப அட்டை முதலியவை அவர்களிடமே உள்ளனவா? பிள்ளைகள் பள்ளியில் உள்ளனரா? சந்தைக்கும் ஊருக்கும் குடும்பத்தோடு போய்வரத் தடை உண்டா?

இதனால் விலை கூடும் என்ற அச்சம் எழலாம். ஒரு கன மீட்டர் சுவருக்கு ஏறத்தாழ 500 கல் வேண்டும். 30 கன மீட்டர் சுவர் கொண்ட கிடங்கிற்கு 15,000 கல். கல்லுக்குப் பத்துக் காசு கூட்டிக் கொடுத்தால் சங்கத்திற்கு ஆகும் கூடுதல் செலவு 1,500 ரூபாய். நாம் முன்பு எடுத்துக்கொண்ட உதாரணத்தில், அதே பத்துக் காசு அறுப்புக்காரருக்கு ஆயிரத்துக்கு 600 என்பதை 700 ஆக்கிவிடும். அது அவரிடமே சேர்வதை உறுதி செய்ய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இரண்டாவது, உழவர் அங்கத்தினர் தம் நிலத்து மண்ணைச் சூளைக்கு விற்கும்போதும், நிலத்தைக் குத்தகைக்கு விடும்போதும் இதே நிபந்தனைகளை உடன்படிக்கையில் சேர்க்கலாம். மண் இன்றேல் சூளை இல்லை. ஆதலால் உழவரின் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு.

மூன்றாவது, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேலை இல்லாதிருக்கும் இருளர் முதலான குடும்பங்களைச் சங்கத்தில் அங்கத்தினராக்கி, விதிகளுக்கு உட்பட்டுச் சிறு கடன் வழங்க முயல வேண்டும். தரகர் வரும் மாதமும் அதுவே. சங்கம் ஒரு வாரம் முந்தினால் ஒரு குடும்பம் தப்பும்.

நான்காவது, வீட்டு வாசலில் கட்டட வேலை நடக்கும் நெசவாளரும் உழவரும் மேஸ்திரியிடம் மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போகாமல், கூலி ஒவ்வொருவருக்கும் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, எங்கேனும் கொத்தடிமை நிலை இருப்பதாக அறிந்தால், தாமே சென்று சூளைக்காரரிடம் வாதிடுவது தகாது. அது தொழிலாளருக்கே தீங்காக முடியலாம். கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பிள்ளைகள் வேலை செய்யக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம்.

முடிவுரை

சர் பிரடெரிக் நிக்கல்சன் உழவரின் கடன் சுமையை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் சென்னை அரசாங்கத்திற்கு அறிக்கை அளித்தார். அதன் பின்னரே 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ்த் தமிழகத்தின் முதற் சங்கம் அமைந்த ஊர் திரூர். ஆவடிக்கு மேற்கே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், இச்சூளைகளுக்கு நடுவிலேயே அவ்வூர் இருக்கிறது. வட்டிக்காரரின் நோட்டிலிருந்து ஏழை உழவனை விடுவிப்பதற்காகத் தொடங்கிய இயக்கம் நூற்றிருபது ஆண்டு கடந்துவிட்டது. உழவன் ஓரளவு விடுபட்டான்; நெசவாளியும் ஓரளவு விடுபட்டான். சூளையில் நிற்பவன் இன்னும் விடுபடவில்லை.

அன்பர்களே, கூட்டுறவு என்பது நமக்குள் மட்டும் பங்கிட்டுக்கொள்ளும் ஆதாயமாக நின்றுவிடலாகாது. நம் சங்கக் கட்டடத்தின் ஒவ்வொரு கல்லும் தன்னுரிமையுள்ள கைகளால் அறுக்கப்பட்டது என்று நாம் துணிந்து சொல்லும் நாள் வர வேண்டும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதற்கென ஒரு தீர்மானம் கொண்டு வருவதே அந்நாளுக்கு முதற்படியாகும்.